முதலில் ஏறிய சைக்கிள்

இரண்டு கரையையும் ஒரே மேடையில் உட்கார வைத்திருக்கும் தலைவர் அவர்களே! விரிசல் விட்ட பாலத்தை விடாமல் நின்று கட்டி முடித்த பொறியாளர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று எதையும் மிச்சம் வைக்காத சான்றோர்களே! சங்கு ஊதும் முன்னே ஓடி, சங்கு ஊதிய பின்னே வாடி வீடு திரும்பும் தையல் கூடத்துத் தாய்மார்களே! அடுப்பைப் பார்த்துக்கொள்வதாக அவர்களிடம் சொல்லிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர்களே! சிரிக்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன். அத்தனை பேருக்கும் என் கும்பிடு.

எனக்குக் கையெழுத்து கிடையாது, கட்டைவிரல்தான். ஆனால் காது உண்டு. ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் நாற்காலி ஏற்றி வருவது என் பிக்கப் வண்டி. இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றும்வரை எங்கே போவேன்? ஓரமாக நின்று பேச்சு முழுவதையும் கேட்பேன். கேட்டது மறக்காது. ஆகவே என் வாயில் அடுக்குமொழி வந்தால் அது என் சொந்தச் சரக்கு என்று நினைக்காதீர்கள். ஏற்றி வந்த சரக்கு.

பிக்கப்பில் சைக்கிள் ஏற்றிய கதையைச் சொல்லச் சொன்னார் தலைவர். அதில் என்ன கதை இருக்கிறது, தூக்கிப் போட்டால் ஏறுகிறது, கீழே இழுத்தால் இறங்குகிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான்.

பாலம் பழுதானது. பாதை பாதியானது. பாடு பெரும்பாடானது. வண்டிகள் ஒரு பக்கம் நின்று, மறுபக்கம் விட்ட பிறகே போகலாம். ஆட்கள் ஓரத்துப் பலகை மேல் நடக்கலாம். சைக்கிளுக்கு மட்டும் இடமில்லை. பலகையில் உருட்டினால் பலகை ஆடும், வண்டிகளோடு விட்டால் ஆள் மிஞ்சாது. அக்கரையில் இறங்கியவுடனே தையல் கூடம் வந்துவிடுகிறதா? சைக்கிளில் போனாலே மூச்சு வாங்கும் தூரம், அதுவும் என் பிக்கப் நுழையாத ஒற்றையடிப் பாதை. சங்கு ஊதினால் கதவு சாத்திவிடுவார்கள். சாத்திய கதவு யாருக்காகத் திறந்தது? எவர் கண்ணீருக்குத் திறந்தது?

அதனால்தான், ஆட்கள் நடந்து வரட்டும், சைக்கிள்கள் என் வண்டியில் வரட்டும் என்று முடிவானது.

முதல் நாள் விறகு அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டேன். அக்கரையில் ஒன்றைத் தூக்கினால் மூன்று சேர்ந்து எழுந்தன. ஒன்றின் பெடல் இன்னொன்றின் கம்பிக்குள். ஒன்றின் பிரேக் வயர் வேறொன்றின் கழுத்தில். சிக்கல் எடுத்து முடிப்பதற்குள் சங்கு ஊதிவிட்டது. பிறகு, பின்கதவின் மேல் பழைய மெத்தையைப் போட்டு, முன்சக்கரம் வெளியே தொங்க, பின்சக்கரம் தொட்டிக்குள் நிற்கும்படி மாட்டினோம். பார்க்க அழகு! பெயிண்டுக்குக் கீறல் இல்லை. ஆனால் கதவின் அகலத்துக்கு எத்தனை சைக்கிள் தொங்கும்? மிச்சம் இருந்தவர்கள் இக்கரையில் நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மெத்தை போட முடியாது.

தலைகீழாக நிறுத்தியும் பார்த்தோம். ஹேண்டில்பாரும் சீட்டும் கீழே, சக்கரம் இரண்டும் மேலே. ஆடவில்லை, அசையவில்லை. ஆனால் கூடையில் இருந்த சாப்பாட்டு டப்பாவை ஒருத்தரும் எடுக்கவில்லை. அன்று மத்தியானம் தையல் கூடமே பட்டினி. என் வண்டித் தொட்டி மட்டும் வயிறார உண்டது. அதோ, மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா தலையில் கை வைக்கிறார். உங்கள் டப்பாதானே அம்மா முதலில் கவிழ்ந்தது?

கடைசியில் வழி காட்டியவர் பாலத்தடி வெல்டிங்காரர். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் சைக்கிள் தொட்டியின் குறுக்கே அடங்கிவிடும் என்றார். இரண்டு பக்கச் சுவரிலும் நீளக் குழாய் ஒட்டினார். அதற்குப் பழைய டியூபைச் சுற்றினார். ஒரு சைக்கிளின் ஃபோர்க், அதாவது முன்சக்கரம் மாட்டும் கவை, இடப்பக்கக் குழாயில் உட்காரும், அடுத்ததன் ஃபோர்க் வலப்பக்கத்தில். எதிரும் புதிருமாக நின்றால் ஹேண்டில்பார்கள் முட்டிக்கொள்ளாது. கழற்றிய சக்கரங்களைச் சுவரோரம் கயிற்றில் கோத்துவிடுவோம். சக்கரம் மாறிப்போகாமல் இருக்க, தையல்காரப் பெண்கள் அல்லவா, ஆளுக்கொரு துணிக்கீற்றைக் கட்டிவிட்டார்கள். ஒருத்தி சிவப்பு, ஒருத்தி பூப்போட்டது, ஒருத்தி கட்டம் போட்டது. தொட்டி நிறைந்து போகும்போது என் வண்டி கல்யாண வண்டி மாதிரி இருக்கும்.

ஏற்றத் தெரிந்தது, இறக்கத் தெரிந்தது. இனி என்ன குறை?

குறை இரும்பில் இல்லை ஐயா. மனத்தில் இருந்தது.

இந்தக் கூட்டத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். சொல்லட்டுமா என்று காலையிலேயே கேட்டுவிட்டேன். "சொல்லுங்க, ஆனா கூட்டிச் சொல்லாதீங்க" என்றார்கள். ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்த ஓரகத்திகள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது வீட்டுக் கூடத்தின் நடுவே சுவர் எழுந்தது. தையல் மிஷின் மூத்தவர் பக்கம் போனது, அது நின்ற ஜன்னல் இளையவர் பக்கம் போனது. ஒருத்திக்கு மிஷின் உண்டு, வெளிச்சம் இல்லை. ஒருத்திக்கு வெளிச்சம் உண்டு, மிஷின் இல்லை. இருவருக்கும் பேச்சு இல்லை.

அந்தச் சுவர் என் வண்டிக்குள்ளும் வந்தது. "அவ சைக்கிள் பக்கத்துல என் சைக்கிள் நிக்கக்கூடாது பெரியப்பா" என்றார் மூத்தவர். இளையவர் தன் சைக்கிளைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். "நான் மூத்தவ. என்னுதுதான் முதல்ல ஏறணும்" என்றார் இவர்.

முதலில் ஏறியது எங்கே போகும்? டிரைவர் முதுகுக்குப் பின்னால், தொட்டியின் அடி மூலைக்குப் போகும். இறங்கும்போது? எல்லாம் இறங்கின பிறகு, கடைசியாக இறங்கும்! முதல் மரியாதை கேட்டவர் முழு வண்டியும் காலியாகும்வரை நிற்பார். கடைசியில் ஏற்றியவர் முதல் ஆளாகச் சக்கரத்தை மாட்டிப் பெல்லை அடித்துக்கொண்டு போய்விடுவார். நான் எத்தனை தடவை எடுத்துச் சொன்னேன் தெரியுமா? "அம்மா, பின்னாடி ஏத்தினா முன்னாடி இறங்கலாம்." அதற்கு அவர், "அவளுக்குப் பின்னாடியா?" என்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த சக்கரத்தைக் கழற்றப் போய்விடுவேன்.

இதில் சிரிப்பு இருக்கிறது. சிரியுங்கள். ஆனால் மூத்தவரின் வீட்டுக்காரர் இடுப்பில் அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்த காலம் அது. இவர் கையில் ஊசி ஏறி இறங்கினால்தான் அந்த வீட்டில் உலை ஏறி இறங்கும். கதவு சாத்திய பிறகு வந்து வந்து நின்றதில், மேற்பார்வையாளர் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டார். இன்னும் ஒரு நாள் தாமதமானால் மறுநாள் வர வேண்டாம்.

அதற்கு அடுத்த காலையே மழை. எதிர்ப்பக்க வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன, நமக்குப் பச்சைக் கொடி காட்டவில்லை. அக்கரை சேர்ந்தபோது எல்லார் காதிலும் சங்கு ஊதாமலே சத்தம் கேட்டது. அவரவர் சக்கரத்தை உருவி, மாட்டி, முறுக்கி, ஓடுகிறார்கள். இளையவர் முதல் ஆளாக மாட்டிவிட்டார். ஏறி மிதிக்க வேண்டியதுதான்.

மூத்தவரின் சைக்கிள் கடைசியாக இறங்கியது. பச்சைக் கீற்றுக் கட்டிய சக்கரத்தைக் கயிற்றிலிருந்து உருவிக் கொடுத்தேன். கையில் வாங்கியவர் அப்படியே நின்றார். வழியில் பாலத்து மேட்டில் வண்டி குலுங்கியபோது சக்கரம் சுவரில் இடித்து வால்வு ஒடிந்திருக்கிறது. காற்று முழுவதும் போய் டயர் தொளதொளவென்று தொங்குகிறது. அழவில்லை அந்த அம்மா. மழையில் நின்று, சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தையல் கூடம் இருக்கும் திசையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

பத்தடி போன சைக்கிள் நின்றது. இளையவர் இறங்கினார். சைக்கிளைக் கவிழ்த்தார். ஸ்பேனரைப் போட்டுத் தன் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினார்.

"இதை மாட்டிட்டுப் போங்க அக்கா."

பாகம் பிரித்த நாளுக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் "அக்கா" அது. மூத்தவர் வாங்கவில்லை. "அப்போ நீ?" என்றார்.

"எனக்கு நாளைக்கும் வேலை இருக்கும். உங்களுக்கு இருக்காது. பேசிட்டு நிக்காதீங்க."

நான் மாட்டினேன், இளையவர் முறுக்கினார், மூத்தவர் மிதித்தார். சங்கு ஊதி முடிவதற்குள் உள்ளே போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. இளையவருக்கு அன்று கதவு சாத்தியது சாத்தியதுதான். பச்சைக் கீற்றுச் சக்கரத்துக்கு டியூப் மாற்றித் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, சாயங்காலம்வரை என் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். என் இருக்கை உறை கிழிந்திருப்பதைப் பார்த்து, ஊசி கேட்டு வாங்கித் தைத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் மூத்தவர் வந்தார். கைகூப்புவார், கட்டிப் பிடிப்பார், கண் கலங்குவார் என்று நான் எதிர்பார்த்தேன். இத்தனை மேடை கேட்டவன் அல்லவா? அவர் வந்த வேகத்தில், "உன் சக்கரம் ஒரு பக்கமாவே இழுக்குதுடி. ரிம் கோணல். இதை வெச்சுட்டு எப்படித்தான் ஓட்டுறயோ" என்றார்.

இளையவர் நிமிரவில்லை. "அது உங்க மாமியார் வீட்டு வாசப்படியில இடிச்சது."

"மாமியார் உனக்கும்தான்."

அவ்வளவுதான் சமாதானம். சக்கரத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மறுநாள் காலையில் மூத்தவர் வந்து, "ரெண்டையும் கடைசியில பக்கத்துப் பக்கத்துல நிறுத்துங்க பெரியப்பா. ஹேண்டில் மட்டும் முட்டாம பாத்துக்குங்க" என்றார்.

அன்பர்களே! ஒரே பக்கம் பார்த்து நிறுத்தினால் முட்டிக்கொள்ளும் சைக்கிள், எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினால் ஒட்டி நிற்கிறது. நடுவே ஒரு துண்டு டியூப் போதும், உரசாது. ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டால் சிக்கல், ஒன்றின் பக்கத்தில் ஒன்றை நிறுத்தினால் பயணம்! இவ்வளவு சின்ன விஷயம் விளங்க நமக்கு ஏன் இவ்வளவு நாள் பிடிக்கிறது? இரும்புக்குக் குழாய் ஒட்ட வெல்டிங்காரர் இருக்கிறார். நமக்கு ஒட்டுவது யார்? நாமேதான், வேறு யார்?

சுவரை இடித்தார்களா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார். இல்லை ஐயா. சுவர் நிற்கிறது. ஆனால் தையல் மிஷின் ஜன்னலுக்குப் போய்விட்டது. ஆளுக்கொரு நேரம் தைக்கிறார்கள்.

நாளைக் காலை பாலம் திறக்கிறது. சைக்கிள்கள் தம் சொந்தக் காலில் போகும். என் வண்டிக்கு வேலை இல்லை. தலைவர் ரிப்பனை வெட்டட்டும். வெட்டிய பிறகு முதலில் போவது யார்? அந்த இரண்டு பேரும் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆனால் பாலத்து ஓரப் பாதை குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். மூத்தவர் எங்கே? எழுந்திருங்கள் அம்மா. முதலில் போவது நீங்கள்தானே?

என்னம்மா, சத்தமாகச் சொல்லுங்கள்.

கேட்டீர்களா தலைவரே? "அவ முன்னாடி போகட்டும் பெரியப்பா. அவ சைக்கிள்ல முன்னாடி ஓடுறது என் சக்கரம்தானே" என்கிறார்.

இதற்குமேல் எனக்குப் பேச்சு இல்லை. அவர்களுக்குப் பின்னால் எல்லாரும் போங்கள். எல்லாருக்கும் பின்னால் நான் வருவேன், காலித் தொட்டியோடு. வழியில் யாருக்காவது வால்வு ஒடிந்தால் குழாய் இருக்கிறது, கயிறு இருக்கிறது. ஒடியாமல் இருந்தால், காலி வண்டியைச் சந்தோஷமாக ஓட்டிப் போன முதல் டிரைவர் நானாக இருப்பேன்.

பேச இடம் கொடுத்த தலைவருக்கும், கைதட்ட மனம் கொடுத்த உங்களுக்கும் நன்றி. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வையுங்கள். நாற்காலியை அப்படித்தான் ஏற்ற வேண்டும். வணக்கம்.