சிரிக்காம ஒரு போட்டோ

ஐயோ, மறுபடியும் சிரிச்சுட்டேனுங்களா தம்பி? கோவிச்சுக்காதீங்க. பாஸ்போர்ட் போட்டோன்னா மூஞ்சிய இறுக்கி வச்சுக்கோணும், தெரியுதுங்க. வாயி கேக்கமாட்டேங்குதே. கொஞ்சம் பேசிட்டா அடங்கிரும்.

எங்கியா? சிலோனுக்குத்தானுங்க. நான் பொறந்ததே அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரங்க குடியிருக்கிற லயத்து வரிசை ஊட்ல. சின்ன வயசுல, ரெண்டு நாடும் போட்ட ஒப்பந்தத்துல எங்களத் திருப்பியனுப்ப, கப்பலேறிக் கீழ் கோத்தகிரிக்கு வந்தோம். இப்ப வெலிங்டன்ல, மிலிட்டரி படிப்புக்கு வர்ற வெளிநாட்டு ஆபீசருங்க ஊட்ல சமையல்.

போன வருசம் சிங்கள ஆபீசர் ஒருத்தரு குடும்பத்தோட வந்தாருங்க. அந்தம்மா, எங்க பேச்சுல நோனாம்போம், முகங்குடுத்தே பேசாது. நானும் சிலோன்காரின்னு காட்டிக்கலீங்க. எங்கள அனுப்பிவிட்ட நாடாச்சே, மனத்தாங்கல் இருக்காதா?

ஒரு நா ஆபீசர் சம்சாரங்களுக்கு எல்லாம் நோனா ஊட்ல டீ பார்ட்டி. பழக்கதோசத்துல நோனாவுக்குப் பாலில்லாத டீயக் குடுத்துட்டு, கைய நீட்டச் சொல்லி உள்ளங்கையில ஒரு ஸ்பூன் சீனியக் கொட்டிட்டேன்! லயத்துல அப்படித்தானுங்க, சீனிய நக்கிக்கிட்டே குடிப்போம். கர்னல் சம்சாரம் மொறைக்குது. வேலை போச்சுடின்னு நெனச்சேன்.

நோனா கைய நக்கிட்டு, கண்ணுல தண்ணியோட சிரிக்குதுங்க. எங்கம்மாவும் இப்படித்தான் குடுப்பாங்கன்னு சிங்களத்துல சொல்லுது. நானும் என்னையறியாம சிங்களத்துலயே பதில் சொல்லிட்டேன்! அப்புறம் பாத்தா நேபாளத்தம்மா, வங்காளதேசத்தம்மா, அந்தக் கர்னல் சம்சாரம் வரைக்கும் கைய நீட்டுறாங்க.

அன்னைல இருந்து எங்களுக்கு அடுப்படியிலதான் அரட்டை. எங்கக்கா, ஆயம்மான்னு பேரு, சிலோன்லயே நின்னுட்ட கதையச் சொன்னேன். லீவுக்குப் போன நோனா தோட்டந்தோட்டமா விசாரிச்சு அக்காவக் கண்டுபுடிச்சு, போன்ல பேச வச்சிருச்சுங்க. பாஸ்போர்ட் மட்டும் எடு, என் ஊட்லதான் வந்து எறங்கோணும்னு இப்ப ஒரே புடி. ரெண்டு நாட்டு மந்திரிமாருங்க பேசிப் பிரிச்சத, ரெண்டு பொம்பளைங்க சீனி நக்கிச் சேத்துட்டோம் பாருங்க.

சரிங்க, நேரா உக்காந்துட்டேன்.

இதுக்கு முன்னாடி பாஸ்போர்ட் போட்டோ எடுத்திருக்கேனான்னா கேக்கறீங்க? ஒரே தடவ எடுத்திருக்கோம். கப்பலேறையில குடும்பத்துக்கே சேத்து ஒரு பாஸ்போர்ட், ஒரு போட்டோ. அக்காவக் கட்டுனவருக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கெடச்சுட்டதால அவளுக்குப் போட்டோவுல எடமில்ல. கேமராவுக்குப் பின்னாடி நின்னு எங்களையே பாத்துட்டிருந்தா. அன்னைக்குச் சிரிக்காதீங்கன்னு யாரும் சொல்ல வேண்டியிருக்கலீங்க.

இப்ப உங்க கேமராவப் பாத்தா அதுக்குப் பின்னாடி அவ நிக்கிற மாதிரியே இருக்கு. அதானுங்க தம்பி, சிரிப்பு வந்துருது.