துடைக்காத பித்தளை

பித்தளைக்குக் கொழுப்புத் தடவுகிறவன் கை எப்போதும் மிருதுவாகத்தான் இருக்கும், ஐயா. மோன்டானாவின் இந்தக் குளிரிலும் என் விரலில் ஒரு வெடிப்பு கிடையாது. எல்லாம் ஆட்டு ரோமத்துக் கொழுப்பின் புண்ணியம். என் வேட்டைக் கூட்டாளி கார்வின் அதை வைத்தே என்னை ஓட்டுவான். "டேய் லாயிட், கல்யாணப் பொண்ணுக்குக்கூட இப்படிக் கை அமையாதுடா."

சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக்கூடு வீங்கியிருக்கும். கொழுப்புத் தடவி அச்சில் அழுத்தினால் பழைய அளவுக்கு வரும், மறுபடி வெடிமருந்து நிரப்பலாம். தடவாவிட்டால் அச்சிலேயே சிக்கிக்கொள்ளும்; அப்புறம் நம்மை நாமே திட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அழுத்திய பிறகு உள்ளும் புறமும் துடைக்க வேண்டும். உள்ளே கொழுப்பு தங்கினால் மருந்து செத்துப்போகும். விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இருபது வருஷமாக எங்கள் இருவருக்கும் தோட்டா செய்தது நான்தான். எல்க் மான் வேட்டை அனுமதிக்கான அரசாங்கக் குலுக்கலுக்கு இருவரும் ஒரே மனுவில் பெயர் கொடுப்போம். விழுந்தால் இருவருக்கும் விழும். பன்னிரண்டு வருஷம் விழவில்லை. இந்த வருஷம் அவன் என்னிடம் சொல்லாமல் தனியாகக் கொடுத்தான். விழுந்துவிட்டது.

"கோச்சுக்காதடா. உன் முட்டிய வச்சுக்கிட்டு மலை ஏறுவியா நீ? கறியில பாதி உனக்குத்தான்."

நியாயமான பேச்சுதான். என் முட்டிக்கு வீட்டுப் படியே மலை. சிரித்து வைத்தேன். வேடிக்கைக்காரன் என்று வாங்கிய பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?

தோட்டாப் பெட்டியை வாங்கும்போது, "தொடச்சியா?" என்றான். எப்போதும் கேட்பான்.

"உன் மூஞ்சிய விட சுத்தமா இருக்கு, போ."

துடைக்கவில்லை. மான் கண்ணெதிரே நிற்கும், துப்பாக்கி 'டிக்' என்னும், வெறுங்கையோடு திரும்புவான். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

அவன் வேட்டைக்குப் போன அந்த மேட்டில் கரடி துப்பாக்கிச் சத்தத்துக்கு ஓடாது, வரும். சத்தம் கேட்டால் மான்குடல் கிடக்கும் என்று அதற்குத் தெரியும். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கரடி கிழித்துப் போட்ட அவன் உடம்புக்குப் பக்கத்தில் எல்க் ஒன்று செத்துக் கிடந்ததே, அதை எப்படிச் சுட்டான் என்று கேட்கிறீர்கள். ஒரு தோட்டாவை மட்டும் நன்றாகத் துடைத்து, "இது ராசியானது, முதல்ல இதப் போடு" என்று நானே அவன் சட்டைப்பையில் வைத்தேன்.

கூட்டாளியை ஒரு மான்கூட அடிக்காமல் சாக விடுகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா.