பெயர் சரியில்லாத பிராஞ்ச்

எனக்குச் சுத்தம் பிடிக்கும். டீ குடித்த கோப்பையை உடனே கழுவி வைக்கிற ஆள் நான். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் குறித்துக்கொண்டால் நல்லது.

எங்கள் கம்பெனி லிஃப்டுகளை ஓட்டும் மென்பொருள் செய்கிறது. மற்றவர்கள் எழுதித் தள்ளுவதை பேக்கேஜாகக் கட்டி லிஃப்டுக்கு அனுப்புவது என் வேலை. அவரவர் மாற்றத்தை அவரவர் தனி பிராஞ்சில், அதாவது மென்பொருளின் தனிப் பிரதியில், வைக்க வேண்டும். அதற்குப் பெயர் வைக்க விதி உண்டு. பிழையைச் சரிசெய்தால் ‘திருத்தம்’ என்று போட்டு, பக்கத்தில் பிழையின் எண். விதியை எழுதியவன் நான். எழுதி முடித்தபோது கண் லேசாகக் கலங்கியது.

தாடி என்று நாங்கள் கூப்பிடும் சக ஊழியன் மட்டும் தன் பிராஞ்சுக்கு ‘அய்யோ-போதும்’ என்று பெயர் வைத்தான்.

“எண்ணைப் போட்டு வைடா,” என்றேன்.

“குழந்தைக்காடா பேரு வைக்கிறோம்? போவியா!”

டீம் லீடரிடம் போனேன். அவர் என் அக்கா புருஷன்.

“மாப்ளே, லிஃப்ட் ஓடுதுல்ல? ஆளை விடு,” என்றார் மாமா.

ஆளை விட்டேன். பிராஞ்சை விடவில்லை. விதிக்கு அடங்காததை எல்லாம் மறுநாள் காலையில் சர்வரிலிருந்து துடைத்துவிட்டு, மிச்சத்தை வைத்துப் புது பேக்கேஜ் கட்டினேன். எதைக் கட்டினாலும் முதலில் எங்கள் ஆபீஸ் லிஃப்டில்தான் ஏற்றிப் பார்ப்போம். ஏற்றினேன். வீடு பெருக்கி முடித்த மாதிரி மனசு துள்ளியது.

மதியம் அக்காவுக்கு வலி கண்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மாமா ஒரு காலில் ஷூவோடு ஓடினார். பைக் சாவியோடு தாடி பின்னால் ஓடினான். இரண்டு பேரும் ஏறிய லிஃப்ட், பாதி வழியில் நின்றது. கதவும் திறக்கவில்லை. இந்தக் கோளாறுக்கு மருந்து ‘அய்யோ-போதும்’ பிராஞ்சில்தான் இருந்தது.

“மாப்ளே! கதவைத் திறடா! உங்க அக்கா அங்க தனியா துடிக்கிறா!”

“திறக்கலாம் மாமா. திருத்தத்தோட காப்பி எங்கிட்ட இருக்கு. பிழை எண் சொல்லுங்க.”

“என்ன எண்ணுடா?”

“டீம் லீடர்தானே தரணும்.”

“டேய், நீ மனுஷனா?” என்றது தாடியின் குரல். “என் பிராஞ்சைப் போடுடா!”

“அந்தப் பேர்ல இப்ப ஒண்ணும் இல்லையேப்பா.”

மாமா வாயில் வந்த எண்ணைக் கத்தினார். விதிப்படி புது பிராஞ்ச் திறந்தேன். கட்டுவதற்கு முன் இன்னொருவர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். “சரி, சரி, சரி!” என்று தாடி உள்ளிருந்து அலறினான். கத்தினால் செல்லாது, போனில் தட்டி அனுப்பு என்றேன். அனுப்பினான். தப்பான பிராஞ்சுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டான். மறுபடி கேட்டேன்.

கதவு திறந்தபோது மாமா அப்பாவாகி வெகு நேரமாகியிருந்தது. அக்கா அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

லிஃப்ட் நிற்கும் என்று முன்பே தெரியுமா என்கிறீர்கள். தெரியும். அழிப்பதற்கு முன் தாடி எழுதியதை வரிவரியாகப் படித்தேன், அருமையாகத்தான் எழுதியிருந்தான். மாமா முதலில் படிக்கட்டுப் பக்கம்தான் ஓடினார். “படி எதுக்கு மாமா, லிஃப்ட் இருக்கே,” என்று கையைப் பிடித்துத் திருப்பி, பட்டனையும் அழுத்திவிட்டது நான்தான்.

இப்போது ஆபீசில் எல்லாரும் விதிப்படிதான் பெயர் வைக்கிறார்கள். பார்க்கவே அவ்வளவு அழகு. அக்கா மட்டும் என்னோடு பேசுவதில்லை. பிரசவக் களைப்பு, வேறென்ன.