தொப்பியும் பிறையும்

எனக்குச் சோம்பல் கொஞ்சம் அதிகம், இன்ஸ்பெக்டர். ஓர் எழுத்தைப் போட நான்கு விசைகளைத் தட்டுவது எனக்குப் பிடிக்காது. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

கூலாய் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான் ஆபீஸ் கிராணி. அங்கே வியட்நாமிய ஆட்கள் அதிகம். அவர்களுக்கான அறிவிப்புகளை அடிப்பது என் வேலை. அவர்கள் மொழிக்கும் ஆங்கில எழுத்துதான். ஆனால் எழுத்தின் தலையிலும் காலிலும் குறிகள் இருக்கும். குறி மாறினால் சொல்லே மாறிவிடும். கணினியோடு வந்த கீபோர்டில் அவற்றைப் போடுவதற்குள் விரல் முறுக்கிக்கொள்ளும். அதனால் நானே ஓர் அமைப்பைச் செய்தேன். யாரும் தொடாத விசைகளைக் காலி செய்து, தொப்பி போன்ற குறி வைத்த அகரத்துக்கு ஒன்று, பிறை போன்ற குறி வைத்த அகரத்துக்கு அதன் பக்கத்திலேயே ஒன்று என்று இடம் பிரித்தேன். ஓய்வு நேரமெல்லாம் அதற்கே போனது. எந்த விசைக்கு எந்த விரல் தானாகப் போகிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றினேன்.

ஹான் என்ற வியட்நாமியப் பெண்தான் வாசகங்களைச் சொல்வாள். நான் அடித்து முடித்ததும் சரி பார்த்துக் கொடுப்பாள். அவளுக்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் தன் தோழிக்குக் கைப்பேசியில் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். ஒரு குறிகூட இல்லை. கேட்டதற்குச் சிரித்தாள். என்னை அண்ணன் முறையில் அபாங் என்பாள். குறி இல்லாமலே எங்களுக்குப் புரியும் அபாங் என்று மலாயில் சொன்னாள்.

அதை மேலாளர் முஜிபுர் ரஹ்மான் கேட்டுக்கொண்டிருந்தார். "அவங்களுக்கே புரியுதுல்ல, செல்வம். அப்புறம் எதுக்கு இந்தப் புள்ளி, கோடெல்லாம்? விடுங்க லா" என்றார். மறுவாரம் அறிவிப்பு வேலையைப் புதிதாகச் சேர்ந்த ரூபினியிடம் கொடுத்துவிட்டார். அவள் குறியே இல்லாமல் அடித்தாள். ஒருவரும் குறை சொல்லவில்லை. ஒரு விபத்தும் நடக்கவில்லை. சுவரெல்லாம் மொட்டை எழுத்துகள். எல்லாரும் அவற்றைப் பார்த்து ஒழுங்காக வேலை செய்தார்கள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பிறகு வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள் என்றார்கள். அறிவிப்புகளெல்லாம் முறையான எழுத்தில் இருக்க வேண்டுமாம். அப்போதும் மேலாளர் என்னைக் கூப்பிடவில்லை. ரூபினிதான் வந்தாள். "அண்ணே, உங்க கீபோர்ட என் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுங்க" என்றாள். போட்டுக் கொடுத்தேன், பழக்கியும் விட்டேன். கெட்டிக்காரப் பெண். இரண்டொரு நாளில் விசையைப் பார்க்காமலே அடித்தாள்.

இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது பிளக்கில் மாட்டும் அட்டை ஒன்று உண்டு. உள்ளே ஆள் இருக்கிறது, மின்சாரத்துக்குத் தடை என்று ஹான் நீளமாகச் சொல்லியிருந்தாள். அட்டை சிறியது, இரண்டு சொல் போதும் என்று ரூபினியிடம் சொன்னது நான்தான். அவர்கள் மொழியில் அந்த முதல் சொல்லின் அகரத்துக்குத் தொப்பி இருந்தால் தடை என்று பொருள். தொப்பிக்குப் பதில் பிறை இருந்தால் செருகு, அதாவது மின்சாரத்தைப் போடு என்று பொருள்.

அவள் சாப்பிடப் போயிருந்தபோது அந்த இரண்டு விசைகளையும் இடம் மாற்றி வைத்தேன். திரும்பி வந்து விரல் பழக்கத்தில் அடித்தாள். திரையைப் பார்த்தாலும் தொப்பிக்கும் பிறைக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. அட்டைக்கு நானே பிளாஸ்டிக் உறை போட்டேன். பிறகு விசைகளைப் பழையபடி வைத்துவிட்டேன்.

இதுவரை சொன்னது விளையாட்டு என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஹான் பார்ப்பாள், சிரிப்பாள், மேலாளரிடம் போய்ச் சொல்வாள், அவருக்கு உறைக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் பார்க்கவும் செய்தாள். ஆனால் மேலாளரிடம் போகவில்லை. கேன்டீனில் என்னிடம் வந்து, தாழ்ந்த குரலில், அந்த அட்டை தப்பு அபாங், ஆபத்து, எடுத்துவிடுங்கள் என்றாள். ரூபினிக்குத் திட்டு விழக்கூடாதாம்.

எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்கவில்லை. சத்தமில்லாமல் மாற்றியிருந்தால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? மறுபடி புள்ளி, கோடு, விடுங்க லா என்றுதான் ஆகியிருக்கும்.

ஜீவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. எங்கள் டெக்னிசியன். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில்தான் உட்காருவான். அன்று கழிவுப் பிளாஸ்டிக்கை அரைக்கும் இயந்திரத்தில் பிளேடு மாற்ற வேண்டியிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, மலாய் அட்டையையும் வியட்நாமிய அட்டையையும் மாட்டினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இதுல என்னண்ணே எழுதியிருக்கு என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளே இறங்கினான். வியட்நாமிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு பையன் ஷிப்ட் மாற வந்தான். மலாய் தெரியாது. அட்டை அருகே நின்று படித்தான். பிளக்கைக் கையில் எடுத்தான். என் ஜன்னல் திறந்துதான் இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

நான் கூப்பிடவில்லை.

அன்று மாலை மேலாளர் அந்த அட்டையை மேசையில் வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்தச் சின்னக் கோட்டுக்கா?" என்றார். தொப்பி எது, பிறை எது என்று பொறுமையாக விளக்கினேன். முதல்முறையாக முழுவதையும் கேட்டார். ரூபினி அழுதுகொண்டிருந்தாள்.

ஹான் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். மறுக்க ஒன்றுமில்லை. ஜீவனைக் கொன்றது நான்தான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே வைத்திருக்கிற அந்தப் பையனை அனுப்பிவிடுங்கள். அவன்மேல் தப்பில்லை. ஒரு குறியையும் விடாமல் படித்தான். அதற்குத்தானே நான் இத்தனை பாடுபட்டேன்.