சுடத் தெரியாத நிலவன்

மைதிலி: கையக் காட்டுங்க.

ஜெகதீஸ்: எதுக்கு?

மைதிலி: காட்டுங்கன்னா... ம். நடுங்கல.

ஜெகதீஸ்: பெரிய டாக்டரம்மாதான்! பண்ணையில முட்டை எடுக்கற வேலையப் பாருங்க. பட்டாளத்து டாக்டரே பாத்துட்டுத்தான் லீவுல அனுப்பிச்சாரு.

மைதிலி: அவரு என்ன சொன்னாருன்னு நீங்க இன்னும் முழுசாச் சொல்லல.

ஜெகதீஸ்: பஸ்ஸ உட்டு எறங்கி அரை நாளாகல, அதுக்குள்ள...

மைதிலி: சொல்லுங்க.

ஜெகதீஸ்: பயப்பட ஒண்ணுமில்லையாம். வாரம் ஒருக்கா வந்து பேசச் சொன்னாரு. அந்தச் சண்டை கேம மட்டும் போன்ல இருந்து எடுத்துரச் சொன்னாரு.

மைதிலி: எடுத்தாச்சா?

ஜெகதீஸ்: அவரு முன்னாடியே எடுத்துட்டேன்.

மைதிலி: அப்பாடா! இப்பத்தானுங்க எனக்கு உசுரே வந்துச்சு.

ஜெகதீஸ்: ஏய், ட்ரேயப் பாத்து வையி! முப்பது முட்டையும் போயிரும்.

மைதிலி: போனாப் போகட்டும். ஒரு கேமு மனுசன அப்படியாங்க பண்ணும்?

ஜெகதீஸ்: சத்தம் அச்சு அசலா எங்க துப்பாக்கிதான். பகல்ல நெசமா ரோந்து. சாயந்திரம் காதுல மாட்டிக்கிட்டு அதே ரோந்து கேம்ல. எது நெசம், எது கேமுன்னே புரியாமப் போச்சு. கேம்ல அடிபட்டு உழுந்தவன அஞ்சு நொடி தொட்டுக்கிட்டே இருந்தாப் போதும், எந்திரிச்சு ஓடுவான்.

மைதிலி: ம்...

ஜெகதீஸ்: அன்னிக்கு நெச ரோந்துல, எங்கூட வந்த பிரபாகர் கால்ல குண்டு பட்டு உழுந்தப்ப, நானும் அவன் தோள்ல கைய வெச்சுக்கிட்டு...

மைதிலி: எந்திரிப்பாருன்னு உக்காந்துட்டீங்க. பின்னாடி வந்தவரு கத்துனப்புறந்தான் ரத்தத்தக் கட்டணும்னே உங்களுக்கு...

ஜெகதீஸ்: இத நான் உங்கிட்டச் சொல்லவே இல்லையே?

மைதிலி: அது... பிரபாகர் அண்ணன் பொண்டாட்டி அபிநயா சொல்லிச்சு.

ஜெகதீஸ்: அவனே மயங்கிக் கெடந்தான். அவன் பொண்டாட்டிக்கு எப்படித் தெரியும்? நான் ஒருத்தங்கிட்டத்தான் சொன்னேன்.

மைதிலி: ...யாருங்க?

ஜெகதீஸ்: நிலவன்னு ஒருத்தன். நாலு மாசமா கேம்ல என்கூட ஆடுவான். ஒரு குண்டு சுட்டதில்ல. என்ற முதுகுக்குப் பின்னாடியே நின்னுக்குவான். நான் பேசுவேன், அவன் டைப் அடிப்பான். டாக்டரப் பாருங்கன்னு நச்சி எடுத்தவனும் அவந்தான்.

மைதிலி: நல்ல பையனாட்ட இருக்குது.

ஜெகதீஸ்: தங்கமான பையன். ஆனா சுடறதுல மட்டும் சுத்த மக்கு.

மைதிலி: எல்லாருக்குமா சுட வரும்? பெரிய இவரு! ...பிரபாகர் அண்ணன் இப்ப எப்படியிருக்காரு?

ஜெகதீஸ்: கம்பு ஊனாம நடக்கறான். நான் லீவு முடிஞ்சு திரும்பி வாரப்ப ஒரு ட்ரே முட்டை கொண்டாரணுமாம்.

மைதிலி: ரெண்டாக் குடுத்துடலாமுங்க. ...ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னா வைய மாட்டீங்களே?

ஜெகதீஸ்: நிலவன் நீதான்னா?

மைதிலி: எப்ப... எப்பத் தெரியும்?

ஜெகதீஸ்: ரெண்டாவது வாரமே. ஒரு நாள் மைக்க அணைக்க மறந்துட்டே. தீனி போடற நேரம். பன்னெண்டாயிரம் கோழி ஒண்ணா என் காதுல கத்துச்சு.

மைதிலி: அட சாமி! அப்புறம் ஏனுங்க தெரியாத மாதிரியே இருந்தீங்க? அண்ணன் சங்கதியெல்லாம் எவனோ ஒருத்தங்கிட்டக் கொட்டற மாதிரி...

ஜெகதீஸ்: வீடியோ கால்ல உன்ற மூஞ்சியப் பாத்தா எனக்கு வாயே வராது அம்மிணி. நீதான்னு தெரிஞ்சப்புறந்தான் நிலவங்கிட்ட அதச் சொன்னேன்.