பூஜ்யத்தால் பெருக்கினால்

டீக்கு நன்றி, ஐயா.

நான் கணிதம் படித்தவன். வேலை கிடைக்காததால் திருவொற்றியூர்க் குப்பத்தில் என் தோஸ்து ரவிக்குமாரின் ஃபைபர் படகில் ஏறினேன். எனக்குக் கல்யாணம் ஆக வாய்ப்பு எவ்வளவு என்று ஒருநாள் படகிலேயே கணக்குப் போட்டேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எங்கள் ஜனத்தில் கல்யாணமாகாத பெண்கள் எத்தனை, சொந்தப் படகு இல்லாதவனை ஏற்பவர்கள் எத்தனை, என்னோடு முகம் கொடுத்துப் பேசுபவர்கள் எத்தனை என்று பின்னங்களைப் பெருக்கிக்கொண்டே போனேன்.

"இன்னா மாமு, பொண்ணு தேட சொன்னா பரீச்ச எழுதிகினுகீற" என்று ரவி சிரித்தான்.

விடை ஒன்றுக்கும் கீழே வந்தது. பிறகு பிழையைக் கண்டுபிடித்தேன். முகம் கொடுத்துப் பேசுகிறவள் ஒருத்தி இருந்தாள். கல்யாணமானவள் என்று முதலிலேயே கழித்துவிட்டிருந்தேன். வினிதா. ரவியின் மனைவி. என்னை அண்ணா என்பாள். அது வெறும் பழக்கம் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. ரவி உயிரோடு இருந்ததுதான் இடித்தது. ஒரு காரணி பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

எண்ணூர்ப் புகைபோக்கிகள் கண்ணுக்கு மறைந்த தூரத்தில், வலை இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. ரவி தண்ணீரில் இறங்கி அறுத்தான். "ஆச்சு மாமு, கை குடு" என்றான். நான் இன்ஜினைப் போட்டுப் படகைக் கிளப்பினேன். கூப்பிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

அலை அடித்துப் போய்விட்டது என்று கரையில் சொன்னேன். குப்பத்துப் படகுகள் தேடப் போயின. வேறு திசையைக் காட்டினேன். உடல் தானாக ஒதுங்கும் என்று நம்பினேன். ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காமல் எங்களில் தாலியைக் கழற்ற மாட்டார்கள். சர்க்காருக்கும் ஏழு வருடம் வரை அவன் காணாமல்போனவன்தான். வினிதா பூ வைத்துக்கொள்கிறாள். அவனுக்கும் சேர்த்துக் குழம்பு வைக்கிறாள்.

"அது உன்ன வுட நல்லா நீஞ்சும்ணா. வந்துரும்" என்கிறாள்.

உண்மைதான். அவன் என்னைவிட நன்றாக நீந்துவான். ஆந்திராக் கரையிலிருந்து படகு வந்தால் இறங்குகிறவர்களின் முகங்களை எல்லாம் பார்க்கிறேன். தெரியாத எண்ணில் போன் வந்தால் எடுப்பதில்லை. கதவு தட்டினால் விளக்கை அணைத்துவிடுகிறேன். என் தோஸ்துக்காக அழக்கூடத் துணிவில்லை, ஐயா. அழுதுகொண்டிருக்கும்போது வந்து நின்றுவிட்டால்?

அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். அவனைக் கொன்றது நான்தான். வினிதா பாவம், இனியும் காத்திருக்க வேண்டாம். அவன் மூழ்கியதை என் கண்ணால் பார்த்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அப்போதுதானே இறப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள்?

எனக்குப் பதினான்கு வருடம் என்று வைத்துக்கொண்டாலும், நான் வெளியே வரும்போது அவளுக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. வாய்ப்பு சிறியதுதான், ஐயா. பூஜ்யம் இல்லை.