ஜெபசீலனின் குடைத்துணி

இரவு பதினொரு மணி. உவரியிலிருந்து நாங்குநேரிக்கு வருகிற சாலை. இரண்டு பக்கமும் பனை. எதிரே ஒரு லாரிகூட இல்லை… மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தவர் நம்ம எபியின் சித்தப்பா அப்பாத்துரை. பின்னால் கட்டிய பெட்டியில் கடல்தண்ணீர் பாட்டில்கள் கிணுகிணுத்தன.

எபி இங்கேதான் சுவரோரம் இருக்கிறான். தப்பாகச் சொன்னால் திருத்தட்டும்.

பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வுக்கூடம். சித்தப்பாவும் ஜெபசீலனும் ஆளுக்கொரு கருவி செய்துகொண்டிருந்தார்கள். கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி மிதக்கும். அதை முதலில் இருட்டில் மூடி வைக்க வேண்டும். பிறகு நீல ஒளியை மின்னல் மாதிரி ஒரே வெட்டு வெட்ட வேண்டும். நல்ல பாசி என்றால் சிவப்பாக மினுங்கும். கருவியின் முள் ‘டிக்’கென்று எழும்பும். செத்த பாசிக்கு எழும்பாது.

சித்தப்பா மூட மறப்பார். ஜெபசீலன் தன் பழைய குடையின் துணியைக் கிழித்து, பாதியால் இவருடைய பாட்டில்களையும் மூடிவிடுவார்.

“மறந்துட்டியேலே. அதும் உயிருதான, பாவம்லா.”

அந்த நல்ல குணமே சித்தப்பாவுக்கு வயிற்றெரிச்சல். கப்பலில் ஆய்வுக்குப் போக ஒருவருக்குத்தான் இடம். பேராசிரியர் ஜெபசீலனின் கருவியைப் பார்த்துத் தலையாட்டினால், அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது.

தேர்வு நாள் காலை. சித்தப்பா முதலில் வந்தார். ஜெபசீலனின் பாட்டில்களைப் பாசி சாகிற மட்டும் ஜன்னலோரம், காய்கிற வெயிலில் வைத்தார். பிறகு பழையபடி துணியால் மூடினார்… அவ்வளவுதான்.

முள் எழும்பவில்லை. ஜெபசீலன் யாரையும் சந்தேகப்படவில்லை. வேறு தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று, துணியைச் சுருட்டிக்கொண்டு அன்று சாயங்காலமே உவரிக்குக் கிளம்பினார். வாசலில் நின்ற சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கட்டுமரம் கவிழ்ந்தது. கூடப் போனவர் கரை சேர்ந்தார். ஜெபசீலன் கிடைக்கவில்லை. துணியும் கிடைக்கவில்லை.

கப்பலில் இடம் சித்தப்பாவுக்கு.

அதற்குப் பிறகு அவர் முதல் தடவையாகத் தண்ணீர் எடுத்துத் திரும்பிய ராத்திரிதான் இது. நாங்குநேரி டீக்கடை வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தினார். பெட்டியை மூடாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தார்…

மூடியிருந்தது. கறுப்புக் குடைத்துணி. சொட்டச் சொட்ட ஈரம்.

அதை முள்ளுக்காட்டில் வீசிவிட்டு வந்தார். ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக்கொண்டு பெஞ்சில் படுத்தார். எப்போது கண் அயர்ந்தாரோ… மூச்சு முட்டி விழித்தார். முகத்தில் குளிர்ந்த ஈரத்துணி. அழுகின கடல்பாசி வாடை. கை அசையவில்லை. பக்கத்தில் யாரோ பொறுமையாக நிற்கிறார்கள்… பாசிக்குக் காத்திருக்கிற மாதிரி.

துணி பைய விலகியது. நீல ஒளி, ஒரே வெட்டு.

சித்தப்பா அந்த ‘டிக்’குக்குக் காது கொடுத்தார். வரவில்லை.

நான் அதோடு நிறுத்தினேன். “ஏலே எபி, சித்தப்பா இப்ப இருக்காருல்லா?” என்று யாரோ கேட்டார்கள்.

எபி சுவரிலிருந்து நிமிர்ந்தான்.

“இருக்காரு. சாப்பிடுதாரு, ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வாராரு… ஆனா எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் அவரு நெஞ்சுல காத வச்சுப் பாத்ததில்ல.”